சாமியறைக்கு மேலால் போகாத குழாய்

எங்கள் வீட்டில் மீனுக்குத் தனி வீடு இருந்தது. பின்வளவில், கோழிக்கூட்டுக்கும் கிணற்றடிக்கும் நடுவில், நாலு கப்பு நட்டு மேலே தகரம் போட்ட கொட்டில். அதற்குள் மீனுக்கென்று தனி அடுப்பு, தனிச் சட்டி, தனிக் கத்தி, தனி அகப்பை. உப்புப் போத்தல்கூடத் தனி. வீட்டுக் குசினியில் இருந்து உப்பு அங்கே போகலாம். அங்கே போன உப்புத் திரும்பி வரக்கூடாது. உப்புக்கே இந்த நிலை என்றால் என் நிலையை நீங்களே யோசித்துப் பாருங்கள். மீன் சமைத்த நாளில் தலையில் தண்ணீர் வார்த்த பிறகுதான் நான் வீட்டுக்குள் கால் வைக்கலாம்.

நான் வடகரையில் பிறந்தவள். எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலோடிகள். வீட்டில் மீன் இல்லை என்றால் யாருக்கோ காய்ச்சல், இல்லாவிட்டால் விரதம். என் கணவரோ சுன்னாகத்துக்குப் பக்கத்தில் தோட்டம் செய்யும் சைவக் குடும்பத்தில் வந்தவர். விரும்பிக் கட்டினோம். கலியாணம் முடித்து வந்த கிழமையே மாமி என்னைப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் கொட்டிலைக் காட்டினார். மச்சம் எல்லாம் இங்கேதான் என்றார். எங்கள் பக்கத்தில் மச்சம் என்றால் மீன், இறைச்சி, முட்டை எல்லாம் அடங்கும். இவர் மீன் என்றால் உயிரை விடுவார், ஆனால் தாய்க்கு முன்னால் வாய் திறக்கமாட்டார். கொட்டில் வாசலில் நின்று, பொரித்த மீனைச் சுடச்சுட வாங்கித் தின்றுவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு நல்ல பிள்ளையாக உள்ளே போவார்.

மாமி காலமாகிச் சில வருடங்களாயின. கொட்டில் மட்டும் காலமாகவில்லை. மாமா அதைப்பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. மாரி மழைக்குத் தகரம் ஒழுகும். ஒரு கையில் குடை, மற்றக் கையில் அகப்பை, தாச்சிக்குள் கொதிக்கிற எண்ணெய், அந்த எண்ணெய்க்குள் மழைத்துளி. எண்ணெய் வெடித்துக் கையில் தெறிக்கும்போது நான் பேசுகிற பேச்சுக்குக் கோழிகள்கூட எழும்பி அடுத்த வளவுக்குப் போய்விடும். பேச்செல்லாம் கோழிகளுக்குத்தான். வீட்டுக்குள் வந்தால் நான் அமைதியான மருமகள்.

போன வருடம் உள்குசினியை உடைத்துப் புதிதாகக் கட்டினோம். வெள்ளை மாபிள், காஸ் அடுப்பு, என் உயரத்துக்கு ஏற்ற மேடை. வேலை முடிந்து மேசன்மார் போன அன்று நான் அந்த மேடையைத் தடவிக்கொண்டு கனநேரம் நின்றேன். இவ்வளவு வடிவான குசினிக்குள் கத்தரிக்காயும் பூசணிக்காயும் மட்டும் சமைத்துவிட்டு, மீனைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் அந்த ஓட்டைத் தகரத்துக்குக் கீழே போய் நிற்பதா? என்னால் முடியாது. பின்னேரம் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தபோது மாமாவிடம் நேராகவே சொல்லிவிட்டேன், இனி மீனும் உள்ளேதான் சமைக்கப்போகிறேன் என்று. இவர் தேத்தண்ணிக் கோப்பைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டார்.

மாமா அதிகம் கதைக்காத மனிசன். எண்பதை எட்டப்போகிறார். ஊரில் அவருக்கு இரண்டு பெயர். ஒன்று, பொய் சொல்லாதவர் என்பது. சுன்னாகம் சந்தையில் தன் வெங்காயத்தில் அழுகல் இருந்தால் வியாபாரி கண்டுபிடிக்க முதல் தானே எடுத்து வெளியே வைப்பார். மற்றது, மூக்கு. அடுக்கிய வெங்காயத்தில் எந்தப் பிடி பழுதாகத் தொடங்கியிருக்கிறது என்பதை அறை வாசலில் நின்றே சொல்லுவார். அந்த மூக்கை ஏமாற்றிய வெங்காயம் வலிகாமத்தில் விளையவில்லை. அந்த மூக்கை வைத்துக்கொண்டுதான் அவர் எனக்குத் தீர்ப்புச் சொன்னார்.

"சமை பிள்ளை. ஆனால் சாமியறைக்கை மணம் வரக்கூடாது. வந்துதெண்டா மச்சம் பழையபடி கொட்டிலுக்குத்தான்."

"வந்ததோ இல்லையோ எண்டு ஆர் மாமா சொல்லுறது?"

"நான்தான். மணந்தா நான் சொல்லுவன்."

எனக்கு ஒரே நேரத்தில் குதிக்கவும் அழவும் வந்தது. ஓம் என்று சொல்லிவிட்டார். ஆனால் அந்த ஓமுக்குக் காவலாக ஊரிலேயே கெட்டிக்கார மூக்கை நிறுத்திவிட்டார். எங்கள் குசினிக்கும் சாமியறைக்கும் நடுவில் ஒரு களஞ்சிய அறை மட்டும்தான். சூடை மீன் மணத்துக்கு அது ஒரு எட்டுத் தூரம்கூட இல்லை.

இவர் அடுத்த நாளே பட்டினத்துக்குப் போய், அடுப்புக்கு மேலே பூட்டுகிற புகையிழுக்கும் பெட்டி ஒன்றை வாங்கி ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். கடையில் அதற்குக் 'குக்கர் ஹூட்' என்று பெயர். பளபளவென்று கண்ணாடியும் இரும்புமாக, கலியாண வீட்டுக்கு வந்த வெளிநாட்டு மாப்பிள்ளை மாதிரி இருந்தது. உள்ளே காற்றாடி சுழன்று புகையை இழுக்கும், இழுத்த புகை ஒரு குழாயால் வெளியே போகும். பூட்ட ஆள் வரும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஆள் வரவில்லை. போன் எடுத்தால் வழியில் நிற்கிறாராம். அந்த ஆள் நின்ற வழி எதுவென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. கடைசியில் இவர் சட்டையைக் கழற்றிவிட்டு, தானே பூட்டுகிறேன் என்று டிறில் மெசினோடு வந்து நின்றார். இதற்கு முதல் இவர் இந்த வீட்டில் பூட்டிய ஒரே சாமான் சுவர் மணிக்கூடு. அது இன்னும் சரிந்துதான் நிற்கிறது.

பெட்டியைச் சுவரில் ஏற்றியது சுகம். குழாயை எதால் விடுவது என்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. கிழக்குச் சுவரில் ஒரு ஓட்டை போட்டால் அரை நாளில் வேலை முடியும். இவர் பென்சிலால் வட்டமும் கீறிவிட்டார். மாமா வந்து யன்னலால் எட்டிப் பார்த்தார். வெளியே அவருடைய நந்தியாவட்டையும் செவ்வரத்தையும் நின்றன. சாமிக்கு வைக்கிற பூவுக்கு மேலே மீன் புகையோ என்று கேட்டார். வட்டத்தை அழித்தோம். தெற்குச் சுவருக்கு வெளியே கிணற்றடி. மாமா தோய்ந்துவிட்டு ஈர வேட்டியோடு நின்று திருநீறு பூசுகிற இடம். அந்த வட்டத்தையும் அழித்தோம். நேரே மேலால் கூரையைத் துளைக்கலாம் என்றேன். ஓட்டில் கை வைத்தால் மாரிக்கு ஒழுகும் என்று இவரே பயந்தார். மேற்குப் பக்கம் தண்ணீர்த் தாங்கி வைத்த கொங்கிறீட், அதற்குள்ளால் எறும்பும் போகாது. வடக்கே போனால் களஞ்சிய அறை, அதற்கு அடுத்தது சாமியறை. சாமியின் தலைக்கு மேலால் மீன் புகை போவதற்கு நானே சம்மதிக்கவில்லை.

இவர் யூரியூப்பில் ஒரு வெள்ளைக்காரனைப் பிடித்தார். குழாய் எவ்வளவு கட்டையோ அவ்வளவு நல்லது, வளைவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்று அவன் சொன்னான். ஒரு கறள் நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சுவரில் ஒரு ஓட்டை போட்டு, ஒரு பாட்டு முடிய முதல் வேலையை முடித்துவிட்டான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவனுக்குச் சாமியறையும் இல்லை, மாமாவும் இல்லை. அவன் நேரை விடுவான்தானே," என்றேன். இவர் போனை நிற்பாட்டினார்.

கடைசியில் ஒரு வழி கண்டோம். குழாய் குசினியில் இருந்து மேலே சீலிங்குக்குள் ஏறும். களஞ்சிய அறைக்கு மேலால் வடக்கே போகும். சாமியறைச் சுவரை எட்டியதும் மரியாதையாகத் திரும்பி, மேற்கே விறாந்தைக்கு மேலால் நடந்து, றோட்டுப் பக்கக் கூரை முகட்டுக்குக் கீழே வெளியே போகும். கிழக்கால் போயிருந்தால் ஒரு முழத்தில் முடிந்திருக்க வேண்டிய புகை, எங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே போகும். சந்நிதி முருகனுக்கு நேர்த்தி வைத்து நடக்கிறவர்கள்கூட இவ்வளவு வளைந்து போகமாட்டார்கள். அதோடு, வெளியே வருகிற இடம் றோட்டுக்கரை. எங்கள் வீட்டில் என்ன கறி என்று இனி றோட்டால் சைக்கிளில் போகிறவருக்கும் தெரியும். பரவாயில்லை, தெரியட்டும். சாமிக்குத் தெரியாமல் இருந்தால் போதும்.

இழுத்தால் நீளுகிற, அமுக்கினால் சுருங்குகிற அலுமினியக் குழாய் வாங்கி வந்தோம். ஒரு துண்டு போதாது. இரண்டு துண்டை ஒன்றோடொன்று செருகி, மூட்டை டேப்பால் சுற்ற வேண்டும். இவர் ஏணி வைத்துச் சீலிங்குக்குள் ஏறினார். நான் கீழே நின்று குழாயைத் தள்ளினேன். மேலே இருந்து தூசியும் எலிப்புழுக்கையும் எப்போதோ தொலைந்த பட்மின்ரன் பந்து ஒன்றும் விழுந்தன. இவர் தும்மினார். வீடு முழுக்க ஆடியது.

இதற்குள் மாமாவுக்கு ஒரு பயம் பிடித்தது. மகன் இருட்டில் தவழ்ந்துபோய்ச் சாமியின் தலைக்கு மேலே காலை வைத்துவிட்டால்? அவர் தும்புத்தடியை எடுத்துக்கொண்டு சாமியறைக்குள் போனார். சுவர் ஓரமாகச் சீலிங்கில் டொக் டொக் என்று தட்டினார். "இதுக்கு அங்காலை வராதை." மேலே இருந்து இவரும் டொக் டொக் என்று தட்டினார். "இஞ்சையோ ஐயா?" அங்கே இல்லை, இன்னும் கொஞ்சம் தெற்கே. டொக் டொக். இங்கேயோ? டொக். தகப்பனும் மகனும் இப்படித் தட்டித் தட்டியே சாமிக்கு எல்லை போட்டார்கள். எங்கள் ஊரில் வேலி எல்லைக்கு வழக்குப் போட்டவர்கள் உண்டு. சீலிங்குக்கு எல்லை போட்டது எங்கள் வீட்டில்தான். நான் சீலையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். சிரித்த சிரிப்பில் இழுத்துப் பிடித்திருந்த குழாயை விட்டுவிட்டேன், அது சுருங்கி மேலே இவருடைய மூக்கில் போய் இடித்தது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. புதுச் சாமான் எதையும் நல்ல நேரத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது மாமாவின் கட்டளை. பஞ்சாங்கம் பார்த்து, ராகு காலம் தொடங்க முதல் பெட்டியைப் போட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார். கடைசி மூட்டு சாமியறை எல்லையில், குழாய் திரும்புகிற மூலையில் இருந்தது. இவர் அதைச் செருகிவிட்டு டேப்பைக் கேட்டார். டேப் வளையம் என் மணிக்கட்டில் காப்பு மாதிரிக் கிடந்தது. கழற்றிக் கொடுக்கப் போனேன். மாமா கீழே நின்று, நேரம் போகுது, கெதியா இறங்கு என்று அவசரப்படுத்தினார். பிறகு ஒட்டலாம் என்று இவர் இறங்கிவிட்டார். நான் காப்போடு குசினிக்கு ஓடினேன். அடுப்பில் பால் வைத்தேன். பால் பொங்க, மாமா தேவாரம் பாட, இவர் ஆளியை அழுத்தினார். பெட்டி உறுமியது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

இழுக்கிறதோ என்று பார்க்க வேண்டுமே. வெள்ளிக்கிழமையில் மீனை நினைக்கவும் கூடாது. மாமா சாம்பிராணித் தட்டைக் கொண்டுவந்து பெட்டிக்குக் கீழே பிடித்தார். புகை வளைந்து வளைந்து உள்ளே போனது. இவர் றோட்டுப் பக்கம் ஓடினார். வருது, வருது என்று அங்கே நின்று கத்தினார். றோட்டால் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாராம். மாமா சாமியறைக்குள் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் வாசலில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அவர் வெளியே வந்து, ஒண்டும் மணக்கேல்லை என்றார். நானும் எட்டிப் பார்த்தேன். உள்ளே சாம்பிராணி மணம்தான். அந்த அறையில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி மணக்காமல் வேறு என்ன மணக்கும்? நான் அந்த இடத்திலேயே மாமாவின் காலில் விழுந்தேன். டேப் வளையம் கையில் கிடந்தபடியே கும்பிட்டேன். அதைக் கழற்றி எங்கேயோ வைத்தேன். மூட்டை ஒருவரும் நினைக்கவில்லை.

சனிக்கிழமையில் மச்சம் தொடங்கக்கூடாது என்றார் மாமா. சரி, ஞாயிறு. மீன்காரர் மோட்டார் சைக்கிளில் ஹோர்ண் அடித்துக்கொண்டு வந்தபோது நான் படலையடியில் காத்துக்கொண்டு நின்றேன். முதல் நாள், மெதுவாக விளைமீன் ஏதும் வாங்கி ஒரு சொதி வையும் என்று இவர் கெஞ்சினார். நான் கேட்கவில்லை. சோதனை என்றால் சோதனை. சூடை வாங்கினேன். சூடை பொரித்தால் பக்கத்து வளவுக்காரருக்கும் பசிக்கும். வெள்ளை மாபிள் மேடையில் வைத்து, வீட்டு உப்புப் போத்தலில் இருந்தே உப்பு அள்ளிப் போட்டு, மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டினேன். இருபது வருடத்துக்கு மேல் இந்த வீட்டில் சமைக்கிறேன், அன்றுதான் இது என் குசினி என்று நினைத்தேன். பாட்டு வேறு வந்தது.

முதல் தாச்சி மீன் பொன் நிறத்துக்கு வரும்போது வாசலில் ஸ்கூட்டர் சத்தம். தெல்லிப்பழையில் கட்டிக் கொடுத்த மச்சாள், இவருடைய தங்கை. புதுக் குசினி பார்க்க வந்திருக்கிறா. மாமியின் அதே முகம், அதே நெற்றி, அதே தலைநிமிர்வு. அவவுக்கு எங்கள் ஒப்பந்தமும் தெரியாது, உள்ளே மீன் பொரிவதும் தெரியாது. தாய் வீட்டுக்கு வந்தால் அவ முதலில் சாமியறைக்குப் போய்த் திருநீறு பூசுவா. நேரே அங்கேதான் போனா. மாமா உள்ளே இருந்து தேவாரம் படித்துக்கொண்டிருந்தார்.

போன வேகத்தில் சீலைத் தலைப்பை மூக்கில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தா. "மச்சாள், சாமியறைக்கை மீன் பொரியுது," என்றா. நான் குசினியில் மீன் பொரிகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகுதான் அவ சொன்னது தலைக்குள் ஏறியது. அகப்பையோடு ஓடினேன். கடவுளே. வாசலிலேயே மீன் வெடுக்கு முகத்தில் அடித்தது. எங்கள் ஊர்க் கரையில் வள்ளம் வந்து சேர்ந்த நேரம்கூட இப்படி மணந்ததில்லை. பிள்ளையாரும் முருகனும் அம்மனும் என் சூடைப் பொரியலுக்கு நடுவில் இருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் மாமா கண்ணை மூடிக்கொண்டு, ராகம் பிசகாமல் பாடிக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மனதுக்குள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்குப் போயும் விட்டேன்.

மச்சாள் தகப்பனைக் கேட்டா. "ஐயா, உங்களுக்கு மீன் மணக்கேல்லையோ?"

மாமா கண்ணைத் திறந்தார். மகளைப் பார்த்தார், அகப்பையோடு நிற்கிற என்னைப் பார்த்தார். "எனக்கு ஒண்டும் மணக்கேல்லை," என்றார். திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டு விட்ட இடத்தில் இருந்து பாடினார்.

மச்சாளின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஐயா பொய் சொல்லமாட்டார் என்பது இந்த வீட்டில் சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி. அவ மூக்கை விரித்து இழுத்துப் பார்த்தா. மீன். தகப்பனைப் பார்த்தா. தகப்பன் மணக்கவில்லை என்கிறார். மறுபடியும் இழுத்தா. சத்தம் கேட்டு வந்த இவரிடம் போய்க் கேட்டா. "அண்ணை, உனக்கு?" இவருடைய கண்ணில் வெடுக்குக்குத் தண்ணீரே வந்துவிட்டது. அந்தக் கண்ணோடு, சாமியறையில் என்ன மணம், சாம்பிராணிதான் என்று சாதித்தார். பிறகு மச்சாள் என்னைக் கேட்கவில்லை. தடிமன் பிடித்தால் சிலருக்கு இல்லாத மணம் எல்லாம் வருமாமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டா. வெளியே வந்து மூக்கில் விக்ஸ் பூசினா. அதற்குள் நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்து, மீன் தாச்சியை மூடி மேடைக்குக் கீழே ஒளித்துவிட்டேன். பூசணிக்காய்க் கறியோடு சோறு சாப்பிட்டா. புதுக் குசினி வடிவு என்றா. போகும்போது, டொக்ரரிடம் ஒருக்கால் மூக்கைக் காட்டவேண்டும் என்று கவலையோடு ஸ்கூட்டரில் ஏறினா. பாவம். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் அவமானம்.

அவ படலை தாண்டியதும் இவர் சீலிங்குக்குள் ஏறினார். டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு அங்கேயே சிரிக்கத் தொடங்கினார். எல்லை மூலையில் அந்த மூட்டுக் கழன்று விழுந்து கிடந்தது. சாமியறைக்கு மேலால் போகக்கூடாது என்று வீட்டைச் சுற்றிக் கொண்டுபோன குழாய், சரியாக அந்த அறைக்குப் பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்ததாம். என் மீன் புகை முழுவதும் அங்கே கொட்டி, சீலிங் இடைவெளியால் சாமியின் தலையில் இறங்கியிருக்கிறது. டேப்பைத் தாரும், டேப்பைத் தாரும் என்று மேலே இருந்து கத்தினார். தேடி எடுத்து எறிந்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாமா எனக்காகப் பொய் சொல்லிவிட்டார். அதுதான் மனதுக்குள் குத்திக்கொண்டு நின்றது. இந்த வயது வரைக்கும் ஒரு வெங்காயத்துக்கும் பொய் சொல்லாத மனிசன், நான் உள்ளே மீன் பொரிக்க வேண்டும் என்பதற்காகச் சாமிக்கு முன்னால் இருந்து, பெற்ற மகளிடம் பொய் சொல்லிவிட்டார். அப்படி வந்த குசினி எனக்கு வேண்டாம். எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இராது. மீன் சட்டி, மீன் கத்தி, தாச்சி எல்லாவற்றையும் ஒரு ஓலைக் கடகத்துக்குள் அடுக்கினேன். கடகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, விறாந்தையில் கதிரையில் இருந்த மாமாவுக்கு முன்னால் போய் நின்றேன்.

"மாமா, மணந்தது. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் கொட்டிலிலையே சமைக்கிறன். எனக்காக நீங்கள் பொய் சொல்லவேண்டாம்."

அவர் என்னையும் கடகத்தையும் பார்த்தார். "நான் எங்கை பிள்ளை பொய் சொன்னனான்?"

நான் சாமியறைப் பக்கம் கையைக் காட்டினேன்.

"அந்தக் கொரோனாக் காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு ஒண்டும் மணக்கிறேல்லை," என்றார். ஏதோ செருப்புத் தேய்ந்துவிட்டது என்று சொல்லுகிற மாதிரிச் சொன்னார். "கற்பூரமும் இல்லை, பூவும் இல்லை. வெங்காயமும் இல்லை. சொன்னா எல்லாரும் துக்கம் விசாரிக்க வருவியள். அதாலை சொல்லேல்லை."

நான் கடகத்தை இறக்கி வைத்தேன். மாமாவுக்குக் காய்ச்சல் வந்து அறைக்குள் தனியாகக் கிடந்தது எப்போது? குசினியை உடைக்க நினைக்க முதலே. அந்தப் பின்னேரத் தேத்தண்ணிக்குக் கனகாலம் முதல். மணந்தா நான் சொல்லுவன் என்று அவர் சொன்னபோது, அவருக்கு மணக்கவே மாட்டாது. சாம்பிராணி நடுவில் நின்றுகொண்டு ஒண்டும் மணக்கேல்லை என்று சொன்னதும் உண்மைதான். நான்தான் மடைச்சி மாதிரிக் காலில் விழுந்தேன்.

"அப்ப அண்டைக்கு என்னத்துக்கு மாமா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

அவர் றோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "உன்னை வெளியிலை விட்டது சரியில்லை எண்டு எனக்கு எப்பவோ தெரியும். மாமி இருக்கேக்கையும் தெரியும். வாயைத் திறந்து சொல்ல எனக்கு வரேல்லை. பேந்து என்ன முகத்தோடை சொல்லுறது?" என் பக்கம் திரும்பினார். "நான் அண்டைக்கே ஓம் எண்டுதான் சொன்னனான் பிள்ளை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது வந்த வழியால் அழுகையும் வந்தது. நிலத்தில், கடகத்துக்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டேன். சீலிங்குக்குள் இருந்து இவர், என்ன அங்கை, என்ன அங்கை என்று டொக் டொக்கென்று தட்டினார். ஒருவரும் பதில் தட்டவில்லை. இத்தனை நாளும் வெங்காய அறை வாசலில் நின்று மூக்கை இழுத்துப் பார்த்தாரே, அதெல்லாம் எங்களுக்காகச் செய்த நடிப்பா? அதை நான் கேட்கவில்லை. அவரும் துக்கம் விசாரிக்க விடமாட்டார்.

"அழாதை," என்றார். "என்ரை மூக்குப் போயிட்டுது. இனி இந்த வீட்டிலை அந்த வேலை உனக்குத்தான். போய்ச் சாமியறையைப் பார். இன்னும் மணக்குதோ?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு போனேன். மீன் சமைத்துவிட்டுத் தலைக்கு வார்க்காமல் அந்த அறைக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. நடுவில் நின்று மூச்சை இழுத்தேன். கற்பூரம் இருந்தது, திருநீறு இருந்தது, காலையில் வைத்த நந்தியாவட்டை இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே என் சூடை மீன் இருந்தது. அந்த மனிசனுக்குப் பொய் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

"மணக்குது மாமா," என்றேன்.

"அப்ப யன்னலைத் திறந்து விடு," என்றார்.